மாகடலும் மலையகமும்: தாது வருடப் பஞ்சம் பற்றிய ஒரு மறுநோக்கு

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதையில் மிக உயரத்தில் அமைந்த நிலையம் பட்டிப்பொல ஆகும். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 1,891 மீற்றர். நிலையத்தைக் கடந்து ஒஹிய நோக்கிச் செல்லும் வண்டி, 1,898 மீற்றர் உயரத்திலுள்ள பாதையின் உச்சியைத் தாண்டி ஒரு சுரங்க வழியினுள் நுழைகின்றது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இவ்வழியே பயணஞ் செய்தவர்கள் அங்குக் காணும் மாற்றத்தை மறந்திருக்கமாட்டார்கள். சுரங்கத்தின் இப்பக்கத்தில் மூடுபனியும் ஓயாத தூறலும் நிலவ, அப்பக்கத்தில் வெயில் எறிப்பதுண்டு.

அவ்வுச்சியில் நாட்டப்பட்டுள்ள பலகை, அவ்விடத்தின் உயரத்தைச் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கணித்துக் கூறுகின்றது. மலையின் உயரத்தை அளப்பதற்குக் கடல் அளவுகோலாவதை நாம் வியப்பின்றி ஏற்றுக்கொள்கின்றோம். ஆயின், மலையில் வாழும் மக்களின் வரலாற்றை அறிவதற்கும் கடலை அறிதல் வேண்டும் என்று கூறின், அது பலருக்குப் புதுமையாகவே தோன்றும். பட்டிப்பொலயை அண்மிய தோட்டமொன்றிற் பிறந்து, இன்று கலைப்பீடத்தில் வரலாறு பயிலும் எனக்கும் அது புதுமையாகவே இருந்தது. தாது வருடப் பஞ்சத்தில் பிழைக்க வழியின்றிக் கடல் கடந்து கண்டிச் சீமைக்கு வந்தவர்கள் நாங்கள் என்று எமது குடும்பத்து முதியோர் கூறக் கேட்டிருக்கின்றேன். அந்தப் பஞ்சத்தின் மூலத்தைச் சமுத்திரவியலாளர் பசிபிக் பெருங்கடலிலும் இந்துமா கடலிலும் தேடிக் கண்டனர் என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே அறிந்தேன். கடலைப் பற்றிய அறிவியல் காலநிலை மாற்றத்தையும், அதன் வழியே மலையக வரலாற்றையும் விளங்கிக்கொள்ள எவ்வாறு துணைபுரிகின்றது என்பதையும், அத்துணையின் எல்லை எதுவென்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருவக்காற்றுப் பற்றிய அறிவு தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், காற்றின் இயக்கத்தைத் தன்வயப்படுத்திக் கடலில் மரக்கலம் செலுத்திய ஒருவனின் வழித்தோன்றலாகக் கரிகாலனை விளிக்கின்றார். வடபுலத்துக் கடலோடிகள் காற்றின் திசையறிந்து சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என அவற்றுக்குப் பெயரிட்டு வழங்கினர். கரையோரத்தவர்க்குக் காற்று என்பது படகைச் செலுத்தும் விசையாகும். மலைநாட்டவர்க்கோ அதே காற்றுத்தான் மழையாகும்.

இக்காற்றுகளின் தோற்றத்துக்குக் கடலுக்கும் நிலத்துக்கும் உள்ள வேறுபாடே அடிப்படையாகும். நிலம் விரைவிற் சூடேறி விரைவிற் குளிர்கின்றது. கடல் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்கின்றது. கோடையில் ஆசியப் பெருநிலப்பரப்புச் சூடேற, அதன்மேல் அமுக்கம் குறைகின்றது. அப்போது இந்துமா கடலிலிருந்து ஈரங்கொண்ட காற்று நிலம் நோக்கிப் பாய்கின்றது. இதுவே மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று. மாரியில் நிலைமை தலைகீழாகிறது. குளிர்ந்த பெருநிலப்பரப்பிலிருந்து புறப்படும் காற்று வங்கக் கடலில் ஈரத்தைப் பெற்று, திசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றாக இலங்கையை அடைகின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் இடைப்பருவ மழை பெய்கின்றது. இவ்விரு காற்றுகளையும் மறித்து நிற்கும் மலைத்தொடரின் முதுகிலேதான் பட்டிப்பொல அமைந்துள்ளது. சுரங்கத்தின் இருபுறமும் காணப்படும் வேறுபாட்டின் காரணமும் இதுவே.

பருவம் ஆண்டுதோறும் மீண்டு வருவதை அறிந்திருந்த நம் முன்னோர், அது ஓர் ஆண்டில் ஏன் பொய்க்கின்றது என்பதை அறிந்திலர். அவர்களை ஆண்ட பிரித்தானியரும் அறிந்திலர். அவ்வறியாமைக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிதாகும். 1876ஆம் ஆண்டு, தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது வருடத்தில், சென்னை மாகாணத்திலும் தக்கணத்திலும் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டின் தென்மேல் பருவமழையோ, இந்தியாவின் மழைப் பதிவுகளில் மிகக் குன்றியவற்றுள் ஒன்றாயிற்று. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோய்களிலும் பிரித்தானிய இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அதே காலத்தில் வட சீனாவும் பிரேசிலின் வடகிழக்கும் கொடும் வரட்சிக்கு உள்ளாயின.

அக்காலத்தில் இலங்கையின் மலைநாட்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை ஓங்கியிருந்தது. ஹெமிலியா என்னும் இலைநோய் 1869இலேயே தோன்றிவிட்டதாயினும், கோப்பியின் வீழ்ச்சி பின்னரே முழுமை பெற்றது. திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் வழி ஆட்கள் சேர்க்கப்பட்டனர். பஞ்ச ஆண்டுகளில் இவ்வாறு வந்தோர் தொகை பெருகியது. பாக்கு நீரிணையைத் தோணிகளிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையேறினர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் பலர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது, அவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களுமே தேயிலை மலைகளின் தொழிலாளராயினர். மலையகத் தமிழரின் வரலாறு தாது வருடத்தோடு தொடங்கவில்லை. அது 1820களிலேயே தொடங்கிவிட்டது. எனினும், அவ்வரலாற்றில் தாது வருடம் ஒரு திருப்பம் எனக் கொள்வது தவறாகாது.

மழை ஏன் பொய்த்தது? இவ்வினாவுக்கு அன்றைய அறிஞர் வானத்திலேயே விடை தேடினர். 1877இல் வானியலாளர் நோர்மன் லொக்கியரும் நிருவாகியும் வரலாற்றாசிரியருமான டபிள்யூ. டபிள்யூ. ஹண்டரும், சூரியனிற் காணப்படும் கரும்புள்ளிகளுக்கும் இந்தியப் பஞ்சங்களுக்கும் தொடர்புண்டு என எழுதினர். இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளன்போர்ட், இமயத்திற் பனி மிகுந்தால் அடுத்து வரும் பருவமழை குன்றும் என்னும் கருத்தை 1884இல் முன்வைத்தார். இவை முற்றும் பயனற்றவை அல்ல. ஆயினும் விடை இவற்றுள் அடங்கவில்லை.

அடுத்த பெரும் அடியை எடுத்து வைத்தவர் கில்பேர்ட் வோக்கர். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்ற இவர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தார். உலகின் பல பாகங்களிலிருந்தும் கிடைத்த அமுக்கம், மழை, வெப்பநிலை ஆகியவற்றின் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட அவர், பசிபிக் பெருங்கடலின்மேல் அமுக்கம் உயரும்போது இந்துமா கடலின்மேல் தாழ்வதையும், அங்குத் தாழும்போது இங்கு உயர்வதையும் கண்டார். இந்த ஊசலாட்டத்துக்குத் ‘தென்புல அலைவு’ எனப் பொருள்படும் பெயரை அவர் இட்டார். ஆனால் அதன் காரணத்தை அவரால் கூற முடியவில்லை. ஏனெனில், அவரிடம் இருந்தவை பெரும்பாலும் நிலத்தின் பதிவுகள். காரணமோ கடலில் இருந்தது.

அக்காரணத்தைத் தெளிவுபடுத்தியவர், நோர்வேயிற் கல்வி பெற்று அமெரிக்காவிற் பணியாற்றிய ஜேக்கப் பியர்க்னஸ் ஆவார். பெரு நாட்டு மீனவர் சில ஆண்டுகளில் நத்தார்க் காலத்தை அண்டித் தம் கரையோரக் கடல் வழமைக்கு மாறாகச் சூடேறுவதைக் கண்டு, குழந்தை இயேசுவைக் குறிக்கும் ‘எல் நினோ’ என்னும் பெயரை அதற்கு வழங்கி வந்தனர். இச்சூடேற்றமும் வோக்கர் கண்ட அலைவும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களே என 1969இல் பியர்க்னஸ் விளக்கினார். வழமையான ஆண்டுகளில் கிழக்கிலிருந்து வீசும் காற்று பசிபிக்கின் சூடான மேற்பரப்பு நீரை இந்தோனேசியாப் பக்கம் தள்ளிச் சேர்க்கின்றது. அச்சூடான நீரின்மேல் காற்று எழும்பி மழை பொழிகின்றது. எல் நினோ ஆண்டுகளில் அக்காற்றுத் தளர, சூடான நீர் கிழக்கு நோக்கி நகர்கின்றது; காற்று எழும்பும் இடமும் அதனுடன் பெயர்கின்றது. அதன் விளைவாகத் தென்னாசியாவின்மேல் காற்று கீழிறங்க, பருவமழை வலுக்குன்றுகின்றது. பெரு நாட்டு மீனவரின் வலையில் மீன் குறையும் ஆண்டில் இந்திய உழவரின் வயலும் காய்ந்து போவதன் தொடர்பு இதுவாகும்.

எனினும் இத்தொடர்பு என்றும் ஒரே சீராக இருப்பதில்லை. 1997இல் மிக வலிய எல் நினோ தோன்றியும் இந்தியாவிற் பருவமழை குன்றவில்லை. 1999இல் சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன் ஆகிய இந்திய அறிஞர் மூவரும் யப்பானிய அறிஞர் யமகாத்தாவும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, இந்துமா கடலுக்கும் தனக்கேயுரிய ஓர் ஊசலாட்டம் உண்டெனக் காட்டியது. இக்கடலின் மேற்குப் பகுதி சூடேறும்போது சுமாத்திராவை அண்டிய கிழக்குப் பகுதி குளிர்கின்றது. சில ஆண்டுகளில் இது மாறி நிகழ்கின்றது. மேற்குச் சூடேறும் ஆண்டுகளில் இலங்கையில் ஒக்டோபர், நவம்பர் மாத மழை மிகுதியாகப் பெய்யும் போக்கு உண்டு.

இவ்வாறு திரண்ட அறிவைக் கொண்டு தாது வருடத்தை மீள ஆராய்ந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. தீப்தி சிங் முதலியோர் மேற்கொண்ட அவ்வாய்வின்படி, 1870 முதல் 1876 வரை குளிர்ந்திருந்த அயன மண்டலப் பசிபிக், 1877இல் பெரும் எல் நினோவாகச் சூடேறியது. அதே ஆண்டில் இந்துமா கடலின் ஊசலாட்டமும் வலிதாக இருந்தது. அத்திலாந்திக்கின் வடபாகமும் அசாதாரணமாக வெப்பமுற்றது. மூன்று மாகடல்களின் நிலையும் ஒன்றுகூடியே, வெவ்வேறு கண்டங்களை ஒரே காலத்தில் வரட்சிக்குள்ளாக்கின என்பது அதன் முடிவு. எம் முன்னோர் கடந்த கடல், ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்கும் குறுகிய நீரிணை. அவர்களை ஊரைவிட்டுப் பெயர்த்த கடலோ அவர்கள் கண்டும் கேட்டும் அறியாத தொலைவிற் கிடந்தது.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் கடல் இருந்த நிலையை இன்று எவ்வாறு அறிகின்றனர் என்னும் வினா இங்கு எழுதல் இயல்பே. வரலாற்று மாணவர்க்கு இதற்கான விடை மிகவும் உவப்பானது. ஏனெனில் அவ்விடை ஆவணங்களிலேயே உள்ளது. வாணிகக் கப்பல்களின் மாலுமிகள் வாளியாற் கடல் நீரை முகந்து, வெப்பமானி கொண்டு அளந்து, நாட்குறிப்பிற் பதிந்து வைத்தனர். 1872 திசெம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ‘சலஞ்சர்’ என்னும் ஆய்வுக் கப்பல், மாகடல்களைச் சுற்றி வந்து ஆழ்கடலின் வெப்பத்தை அளந்தது. அது நாடு திரும்பியது 1876 மே மாதத்தில். அப்போது தமிழகத்தில் தாது வருடம் பிறந்து இரண்டு மாதங்கூட நிறைந்திருக்கவில்லை. அன்று குறிக்கப்பட்ட எண்களைத் தற்காலத்தின் ‘ஆர்கோ’ மிதவைகள் தரும் எண்களோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. 2,000 மீற்றர் ஆழம் வரை சென்று மீளும் இம்மிதவைகள் ஏறத்தாழ 4,000 உலகக் கடல்களில் இயங்குகின்றன. இடைப்பட்ட 135 ஆண்டுகளில் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் சூடேறியுள்ளது என்பதும், அச்சூடேற்றம் பல நூறு மீற்றர் ஆழம் வரை இறங்கியுள்ளது என்பதும் அவ்வொப்பீட்டால் தெரிய வந்தன.

எழுத்தாவணம் தோன்றுவதற்கு முற்பட்ட காலத்துக்குக் கடலடிச் சேறே ஆவணமாகின்றது. தென்மேல் பருவக்காற்று வலிதாக வீசும் காலங்களில் அரபிக் கடலின் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகின்றது. அந்நீரிற் பெருகும் நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் அடியிற் படிகின்றன. படையாகப் படிந்த அச்சேற்றைத் துளையிட்டு எடுத்து ஆராய்வோர், பல்லாயிரம் ஆண்டுகளின் காற்றை அதில் அளவிடுகின்றனர். இதற்கு நிகரான சேறு பட்டிப்பொலயின் அண்மையிலும் உண்டு. ஹோட்டன் சமவெளியின் சதுப்பு நிலத்தைத் துளையிட்டு, அதில் உறைந்து கிடந்த மகரந்தங்களை ஆராய்ந்த ரத்னசிறி பிரேமதிலக்கவும் ஜான் றிஸ்பேர்க்கும், ஏறத்தாழ 24,000 ஆண்டுகளின் காலநிலை வரலாற்றை 2003இல் வெளியிட்டனர். பனியூழி உச்சத்திலிருந்த காலத்தில் இன்று ஈரம் செறிந்த அச்சமவெளி வரண்டிருந்தது என்பதும், பின்னர் பருவக்காற்று வலுப்பெற மழைக்காடு பரந்தது என்பதும் அதனால் அறியப்படுகின்றன. அரபிக் கடலின் அடியிற் கிடைத்த சான்றும் பனியூழிக் காலத்துத் தென்மேல் பருவக்காற்று வலுக்குன்றியிருந்தது என்றே கூறுகின்றது. இரண்டாயிரம் மீற்றருக்கு மேலுள்ள மலைச்சேறும் கடலடிச் சேறும் ஒரே காற்றின் கதையைக் கூறுவது, மலையும் கடலும் ஒரே காலநிலையின் இரு கூறுகள் என்பதற்குத் தக்க சான்றாகும்.

இத்துணையும் கூறியபின், வரலாற்று மாணவன் ஓர் எச்சரிக்கையையும் கூறக் கடமைப்பட்டுள்ளான். சமுத்திரவியல் விளக்குவது வரட்சியை, பஞ்சத்தையன்று. வரட்சி என்பது மழையின்மை. பஞ்சம் என்பது மனிதர்க்கு உணவு எட்டாமை. தாது வருடத்தில் மழை பொய்த்தபோதும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. நிவாரணச் செலவைக் குறைக்குமாறு அனுப்பப்பட்ட சேர் றிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறிது காசுமே போதும் என 1877இல் விதித்தார். கடும் உழைப்பில் ஈடுபடுவோர்க்கு இது போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் வாதாடினார். பசிபிக்கின் சூட்டினால் மழை நின்றது எனலாம். அந்த ஓர் இறாத்தற் கணக்கைப் பசிபிக் எழுதவில்லை. பசித்தோரின் கையறுநிலை தோட்டங்களுக்கு மலிவான உழைப்பாகியதும் கடலின் செயலன்று. மைக் டேவிஸ் 2001இல் வெளியிட்ட நூலில் எல் நினோவையும் பேரரசுக் கொள்கையையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தமை இவ்வகையில் வழிகாட்டியாகும். கடலை அறியாத வரலாறு குறையுடையது. கடலின்மேற் பழியைப் போட்டு ஆட்சியாளரை விடுவிக்கும் வரலாறோ அதனினும் குறையுடையது.

இவ்வேறுபாடு பழங்காலத்துக்கு மட்டும் உரியதன்று. மனிதர் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததனால் வளிமண்டலத்திற் பெருகிய காபனீரொட்சைட்டு, புவியிலிருந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றது. அவ்வாறு மிஞ்சிய வெப்பத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கும் மேற்பட்டதைக் கடலே உள்வாங்கியுள்ளது. மேற்கு இந்துமா கடலின் கோடைக்கால மேற்பரப்பு வெப்பநிலை 1901 முதல் 2012 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 1.2 பாகை செல்சியஸ் உயர்ந்துள்ளதென ரொக்ஸி முதலியோர் 2014இற் காட்டினர். சூடான கடல் மிகுந்த நீராவியைத் தருகின்றது. அதனாற் பெய்யும் மழை குறுகிய காலத்திற் பெருவெள்ளமாகக் கொட்டும் வாய்ப்பு மிகுகின்றது.

மலையகத்தில் இதன் பொருள் யாது? தேயிலைக்கு மழையும் வெயிலும் அளவோடு மாறி மாறி வேண்டும. வரட்சி நீடித்தாற் கொழுந்து குறையும். குறித்த இறாத்தல் நிறையாத நாளில் ‘அரைப்பேர்’ போடப்படும் வழக்கை அறிந்தோர்க்கு, வானிலைக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பை விளக்க வேண்டியதில்லை. மழை மிகுந்தாலோ மண் சரிகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயன்கள் மண்ணிற் புதையுண்டன. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழை மலைநாடெங்கும் மண்சரிவுகளை விளைவித்தது. மழை பெய்தமைக்குக் கடல் காரணமாகலாம். ஆனால், சரியும் சாய்விலன்றி வேறிடத்தில் வீடமைக்கச் சொந்தக் காணியின்றி ஒரு சமூகம் தலைமுறைகளாக வாழ்வதற்குக் கடல் காரணமன்று. தாது வருடத்தில் அறிவு இருக்கவில்லை. ஆகையால் முன்னெச்சரிக்கையும் இருக்கவில்லை. இன்று எல் நினோவின் வருகையைப் பல மாதங்களுக்கு முன்னரே கூற முடிகின்றது. அறிவு இருந்தும் உயிர் காக்கப்படாதெனின், அக்குறை அறிவியலின் குறையாகாது.

இவ்விடத்திற் கலைப்பீட மாணவராகிய நாம் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தோட்டக் காரியாலயங்களில் நாளாந்த மழையளவைப் பதியும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அப்பதிவேடுகள் கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகாமற் காக்கப்படின், கடலின் ஏற்றத்தாழ்வு மலையில் எவ்வாறு மழையாயிற்று என்பதை ஆண்டாண்டாகக் காண இயலும். அவற்றோடு சம்பளப் பேரேடுகளையும் முதியோரின் வாய்மொழி நினைவுகளையும் இணைத்து நோக்கின், மழை குன்றிய ஆண்டுகளில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதும் வெளிப்படும். கடலியலாளர் மாலுமிகளின் நாட்குறிப்புகளைத் தேடிச் சென்றனர். நாம் நம் தோட்டத்துப் பதிவேடுகளைத் தேடிச் செல்லலாம்.

பட்டிப்பொலவின் உயரத்தைக் கூறும் பலகைக்கு மீள்வோம். அதிற் பொறிக்கப்பட்ட எண் மாறாதது போலத் தோன்றுகின்றது. ஆனால் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் கடல் இன்றையிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாயிருந்தன. 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளது. மலை அசையாதிருக்க, அதனை அளக்கும் அடித்தளமே அசைகின்றது. கரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வாழ்ந்தாலும் கடல் எமக்கு அயலானதன்று என்பதை அப்பலகையும் எமது குடும்பங்களின் கதையும் ஒருங்கே உணர்த்துகின்றன.